ஊர்வல வண்டியின் இரண்டாவது ஃபேன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போய்த் தேவநாதன் வீடு எது என்று கேட்டால், எந்தத் தேவநாதன் என்பார்கள். திருவந்திபுரத்துப் பெருமாளின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஊர்வல வண்டி தேவநாதன் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். வாசலில் வெள்ளை அம்பாசிடர் நிற்கும். டீசல் வண்டி. அதை ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடும்.

அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் காடு வைத்திருந்த குடும்பம் அவருடையது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டால் அவருக்கு மட்டும் கை வெந்து தோல் உரியும். அதனால் காட்டை அண்ணன்களிடம் விட்டுவிட்டு லோடு வண்டி ஓட்டப் போனார். பிறகு நெல்லிக்குப்பத்து டாக்டர் ஒருவர் மகனோடு இருக்க வெளிநாடு போனபோது விற்ற அம்பாசிடரை வாங்கி டாக்சி ஓட்டினார். ஏசி கார்கள் பெருகியதும் சவாரி குறைந்தது. கொஞ்ச காலம் அவர் ஈதான் ஓட்டினார். "வித்துத் தொலைங்களேன்" என்று மனைவி சௌந்தரம் சொல்லாத நாள் கிடையாது.

வண்டியைக் காப்பாற்றியது கல்யாண போட்டோ. இப்போதைய பொண்ணு மாப்பிள்ளைகளுக்கு என்ன தோன்றியதோ, பெண் அழைப்புக்குப் பழைய அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சௌந்தரம் வாயை மூடிக்கொண்டார். தேவநாதன் சட்டைக்குக் கஞ்சி போட ஆரம்பித்தார்.

ஊர்வலத்தில் வண்டி ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கோயிலில் பெண்ணை ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் ஆடுகிற இளவட்டங்கள், பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். இத்தனை பேருக்கும் நடுவில், யார் காலிலும் ஏற்றாமல், குலுங்காமல், ஃபர்ஸ்ட் கியரில் கிளச்சைப் பாதி மிதித்தபடி நகர வேண்டும். இடது முட்டி கழன்றுவிடும் போலிருக்கும். முட்டியை அவர் பொருட்படுத்தியதில்லை. பயமெல்லாம் ரேடியேட்டரைப் பற்றித்தான். அம்பாசிடரின் ஃபேன், பெல்ட் வழியாக எஞ்சினோடு பிணைந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று பார்த்துக்கொள்ளும். ஊர்வலத்தில் எதிர்க்காற்றுக்கு எங்கே போவது?

போன வைகாசியில் புவனகிரியில் அந்தப் பயம் நிஜமாகிவிட்டது. கடைவீதி நடுவில் பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்ப, வண்டி நின்றுவிட்டது. பட்டுப்புடவையோடு பெண் உள்ளே உட்கார்ந்திருக்க, நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணு ஏறுன வண்டியே நின்னுபோச்சேப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. மண்டபம் வரும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை. தப்பு வண்டிமேல் என்று தேவநாதன் தொண்டை கிழியக் கத்தினார். பேண்டு சத்தத்தில் யார் கேட்டார்கள்? அந்தக் குனிந்த தலை அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்தில் அக்கா ரத்தினம்மாளின் மகள் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேவநாதன் தாய்மாமன். அக்கா புருஷன் சபாபதி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காத. பொண்ணழைப்புக்கு நான் ஒரு ஏசி கார் சொல்லிடறேன். ஒன் வண்டி நடுத்தெருவுல நின்னுதுன்னு வச்சிக்க, வண்டிய ஒருத்தரும் பேச மாட்டாங்க. புள்ளையத்தான் பேசுவாங்க."

புவனகிரியில் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தவர் தேவநாதன். சரி மாமா என்று சொல்ல வாயெடுத்தார். காயத்ரி உள்ளே இருந்து கத்தினாள். "மாமா வண்டி வரலன்னா நான் மண்டபத்துக்கு நடந்தே வந்துடறேம்ப்பா!"

பெருமையும் பயமுமாகத் தேவநாதன் கடலூருக்குத் திரும்பினார். நேரே நெல்லிக்குப்பம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அன்புமணியின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுக்காண்ணே மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றான் அன்புமணி. "கரண்டுல ஓடற ஃபேன் ஒண்ணு போட்டுட்டா போச்சு. வண்டி நின்னாலும் அது பாட்டுக்கு சுத்தும்."

உடைக்கப்பட்ட பெட்ரோல் கார் ஒன்றின் ஃபேனைக் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் பொருத்தினான். தனி ஃபியூஸ் வைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்ச் வைத்தான். கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு ரெண்டு பேரும் டீ குடித்தார்கள். இன்னொரு டீயும் குடித்தார்கள். சூடு காட்டும் முள் நடுவில் நின்றதே தவிர ஏறவில்லை. தேவநாதன் வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

நிம்மதி நிலைத்திருக்கும். அவர் கைதான் சும்மா இருக்கவில்லை.

பெண் அழைப்பு அன்று மத்தியானம் சிதம்பரத்தில், பூ அலங்காரம் செய்ய வந்தவர் சரம் கட்டுவதற்குக் கிரில்லைக் கழற்றித் தரச் சொன்னார். தேவநாதனே கழற்றினார். இழுத்த இழுப்பில் ஃபேனுடைய ரெண்டு ஒயரும் சொருகின இடத்திலிருந்து கழன்று வந்துவிட்டன. ரெண்டுமே கறுப்பு டேப் சுற்றிய ஒயர். எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு கணக்கில் சொருகி, பூச்சரத்தோடு கிரில்லை மாட்டி, சுவிட்சைப் போட்டு, வண்டி முன்னால் வந்து நின்றுகொண்டு அன்புமணிக்கு போன் செய்தார்.

"ஃபேன் சுத்துதாண்ணே?"

"சுத்துது."

"காத்து வருதா?"

"ஜிலுஜிலுன்னு மூஞ்சில அடிக்குதுடா!"

"அப்பறம் என்ன, ஜாலியா போயிட்டு வாங்க."

காற்று முகத்தில் அடித்தால் ஃபேன் நன்றாக ஓடுகிறது என்றுதானே நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். தேவநாதன் பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் நின்று பார்க்கிறார் என்று அன்புமணி நினைத்துக்கொண்டான். அவரோ கிரில்லுக்கு முன்னால் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்வலம் மேல வீதியில் புறப்பட்டது. காயத்ரி பின் சீட்டில் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில், தேவநாதனுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் அத்தை பவானி. எதையும் பார்க்காமல் விடாத கண் அந்த அம்மாவுக்கு. தேவநாதன் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தெம்பாக நகர்ந்தார். வடக்கு வீதி திரும்புவதற்குள் முள் நடுவைத் தாண்டிவிட்டது. அப்புறமும் ஏறிக்கொண்டே போனது. தேவநாதன் முகம் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்து மீட்டர்மேல் போட்டு மறைத்தார்.

"என்னா தம்பி, இப்பிடி வேர்க்குது?" என்றார் பவானி.

"புழுக்கம் ஜாஸ்திங்க."

கண்ணாடியில் பார்த்தார். காயத்ரி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தலை குனியக் கூடாது பிள்ளையாரப்பா என்று மனதுக்குள் கதறினார். அந்த நேரம் பார்த்து வண்டிக்கு முன்னால் டிரம்பெட் ஊதிக்கொண்டு போனவர் துள்ளி விலகித் திரும்பினார். "என்னாண்ணே, ஒங்க வண்டி முதுகுல அனலா ஊதுது? வெந்துபோறேன்!"

தேவநாதனுக்குச் சுரீரென்றது. காற்று ரேடியேட்டர் வழியாக உள்ளே போக வேண்டும். அது ஏன் டிரம்பெட்காரர் முதுகுக்குப் போகிறது? மத்தியானம் முகத்தில் அடித்த ஜிலுஜிலுப்பு நினைவுக்கு வந்தது. ஒயரை மாற்றிச் சொருகி ஃபேனைத் தலைகீழாகச் சுற்றவிட்டிருக்கிறோம், ஒரு ஃபேன் உள்ளே இழுக்க இன்னொன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. ஆனால் வண்டியை நிறுத்த வேண்டுமே! அடுத்த முனையில் ஒரு பிள்ளையார் கோயில் தெரிந்தது. சன்னதிக்கு நேராக வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்தார்.

"எதுக்கு நிறுத்துறீங்க?" என்றார் பவானி.

"தாய்மாமன் தேங்கா ஒடைக்கணுங்க. எங்க ஊர் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. காலையில் வண்டிக்குப் பூஜை போட வாங்கியதில் ஒரு தேங்காய் டிக்கியில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவந்து சிதறடித்தார். பேண்டுக்காரர்கள் உற்சாகமாகிச் சத்தத்தைக் கூட்டினார்கள். தேவநாதன் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டார். அப்படியே வண்டி முன்னால் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலை பம்பருக்குக் கீழே போய்விட்டது. கை மேலே துழாவி ரெண்டு ஒயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகியது. விரல் சுட்டது. வாய் மட்டும் பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்றது. அதில் ஒரு துளி நடிப்பு இல்லை.

எழுந்து வந்து சுவிட்சைப் போட்டார். கிரில்லில் தொங்கிய மல்லிகைச் சரங்கள் பட்டென்று உள்பக்கம் ஒட்டிக்கொண்டன என்று பேண்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். அவர் பார்த்தது கைக்குட்டைக்கு அடியில் இருந்த முள்ளை. அது தயங்கி நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. எவ்வளவு நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ, அதையெல்லாம் ஒரேயடியாக வெளியே விட்டார்.

மண்டப வாசலில் சபாபதி நின்றிருந்தார். வண்டி பாதியில் நின்ற சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டது. முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. பவானி முதல் ஆளாக இறங்கினார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

"வண்டி நின்னுச்சு" என்றார் பவானி. "பிள்ளையாருக்கு முன்னால நின்னுச்சு! தாய்மாமன் தரையில விழுந்து அழுது கும்புடறாரு. இப்பிடிக் குடும்பத்துல எங்க புள்ளைக்கிப் பொண்ணு எடுத்திருக்கோம். ஏம்மா, ஆலத்திய வண்டிக்கும் சேத்து சுத்துங்க!"

சபாபதி வந்து மச்சானின் புழுதி படிந்த சட்டையைத் தட்டிவிட்டார். காயத்ரி தலை நிமிர்ந்து இறங்கி, மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். தேவநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. அன்புமணி.

"என்னாண்ணே, போய்ச் சேந்தாச்சா? ஃபேன் எப்பிடி? காத்து வருதா?"

தேவநாதன் வண்டிக்கு முன்னால் வந்து, கிரில்லுக்கு எதிரே முகத்தைக் காட்டி நின்றார். நெற்றி வேர்வை அப்படியே இருந்தது.

"வரலடா" என்றார். "உள்ள போவுது."