டைகர் வெளியே வந்தால் தறி நிற்கும்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலி... வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

பக்கத்து வீடு. ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான், ஆனால் என் ஜன்னலை ஒட்டி ஓடுவது அவருடைய பவர்லூம்.

காலையிலிருந்து லேப்டாப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஒர்க் ஃப்ரம் ஹோம் வந்த புதிதில், டீம் லீட் குரல் கேட்டாலே எங்கள் டைகர் குரைத்துத் தள்ளும். (பெயர்தான் டைகர்... பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில்.) மீட்டிங் என்றால் முதலில் அதை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவேன். அது நேரே அண்ணனின் தறி ஷெட் வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில் தறியும் நின்றுவிடும். அண்ணன் டீ குடிக்கப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஒருநாள் எனக்கு லீவு. டைகர் கேட்டைத் தாண்டி ஓடியதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் சுவருக்கு மேல் அண்ணன் தலை.

"இன்னாம்மா, இன்னிக்கு மீட்டிங் இம்மா நேரம் போவுது? காலைலேர்ந்து தறிய நிறுத்திட்டு குந்திகினு கீறேன்."

"ஐயோ அண்ணா... எனக்கு இன்னிக்கு லீவு!"

டைகரைத் திட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இனிமேல் மெசேஜ் போடுகிறேன் என்றேன். "அதெல்லாம் பேஜாரும்மா. போனை எவன் பாத்துகினு இருக்கறது? டைகரு வந்தா நிறுத்துவேன். நீ அத்த கூப்ட்டா ஓட்டுவேன். அவ்ளோதான்."

மீட்டிங்கில் தறிச் சத்தம் கேட்டிருந்தால் பெங்களூர் ஆபீஸுக்கே வந்துவிடு என்றிருப்பார்கள். படுக்கையில் இருக்கும் அப்பாவை விட்டு நான் எங்கே போவது? என் வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடுவதே டீமில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று கிளையன்ட் கால். தள்ளிப்போட முடியவில்லை. பழக்கதோஷம், டைகரை வெளியே விட்டுவிட்டேன்.

பாதியில் அண்ணனின் உடலோடு ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. அண்ணியின் அழுகை...

"யார் சைடுல நாய்ஸ்? மியூட் ப்ளீஸ்" என்றார் லீட்.

மியூட் போடவில்லை. "எங்க பக்கத்து வீட்டு அண்ணன் இறந்துட்டார் சார். இவ்ளோ நாள் சத்தம் வராம பாத்துக்கிட்டவர் அவர்தான்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

வாசலில் நின்று டைகரைக் கூப்பிட்டேன். வந்துவிட்டது. நான்தான் தறி மோட்டார் சத்தத்துக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மீட்டிங் முடிஞ்சிடுச்சுண்ணா... ஓட்டுங்க.