பர்வதமலைக்கு ஒரு ட்ரையல்

எங்கள் வீட்டில் எதையும் ட்ரையல் பார்க்காமல் தொடங்குவதில்லை. அப்பா ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். புது மிக்ஸி வாங்கினால்கூட முதல் நாள் ட்ரையல்தான், சட்னி மறுநாள். அப்படிப்பட்டவரிடம் போய் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பர்வதமலை ஏறலாம் என்று பேச்செடுத்தார். உச்சிக்குப் பக்கத்தில் செங்குத்துப் பாறையாம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டுமாம். எனக்கு அன்றைக்குக் குஷியில் சோறே இறங்கவில்லை.

ஆனால் அப்பாவின் திட்டம் முடிகிற வழியாக இல்லை. ஒரு ஞாயிறு கம்பெனியில் ஓவர்டைம் வந்தது. அடுத்த ஞாயிறு மழை வரும்போல இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஷூ சரியில்லை. வெயில் முற்றிவிட்டால் இந்த வருஷம் மலையே கிடையாது என்று மாமா சொன்னதும் நான் அழுதே விட்டேன்.

என் அழுகைக்காக அப்பா ஒரு ட்ரையலுக்கு ஒத்துக்கொண்டார். படப்பையில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. மாமா கம்பெனி சேஃப்டி ஷூவோடு தடதடவென்று ஏறினார். ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கிற அம்மா, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரைவிட வேகமாக ஏறினாள். அவள் கையைப் பிடித்து நானும் ஏறிவிட்டேன். தூரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்துக் கூச்சல் போட்டேன்.

"வாங்க மச்சான், நீங்கதான் பாக்கி" என்றார் மாமா.

அப்பா இரண்டு படி ஏறினார், நின்றார், இறங்கினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏணியின் வெல்டிங்கை ஆராய ஆரம்பித்தார்.

"வெல்டிங் சரியில்ல. மலைல சங்கிலி எப்டி கீதோ இன்னாவோ. அடுத்த மாசம் பாக்கலாம்."

மாமா சிரிக்க வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை ஒரு மிதி மிதித்துவிட்டுக் கீழே குனிந்தாள்.

"இன்னாங்க, எல்லாரும் மேல ஏறிட்டா பையெல்லாம் யாரு பாத்துக்கறது? சங்கிலி ஆரம்பிக்கிற எடத்துல பொறுப்பா ஒரு ஆளு வோணும். இவன்லாம் சரிப்பட மாட்டான். நீங்க நின்னுக்குங்க."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அது கரெக்ட்டு! சூப்பர்வைசர் கீழதான் நிக்கணும். வர்ற ஞாயித்துக்கெழமையே போய்டலாம்."

குதித்துக் கும்மாளம் போட்ட பிறகுதான் எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. வாரக்கணக்காகத் திட்டம் போட்ட மனுஷரைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டாளே! இறங்கிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நானும் உங்கூடக் கீழயே இருக்கறன்பா" என்றேன்.

"வாணாம் கண்ணு. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே தண்ணீர் பாட்டில்களை எடுக்கப் போனார். இவ்வளவு பெரிய அநியாயம் நடந்த பிறகும் ஒரு மனுஷர் எப்படி இத்தனை சந்தோஷமாக இருக்க முடியும் என்று எனக்குப் புரியவே இல்லை.