மூன்று வளையங்கள், ஒரே அளவு

விரல்கள் ஊசியை இறக்கி, பொன்னிற நூலை மேலே இழுத்தன. ஞாயிறன்று கோயில் பீடத்தில் விரிக்க வேண்டிய துணியில் மூன்றாவது வளையமும் முடிந்தது. பிதாவுக்குப் பெரியது, குமாரனுக்கு அடுத்தது, பரிசுத்த ஆவிக்குக் குட்டி வளையம். மூப்புப் பார்த்து மரியாதை செய்யும் தையல்காரி அவள்.

எட்டிப் பார்த்த போதகரின் முகம் வெளிறியது.

"என்னம்மா இது? மூணு பேரும் சமம்!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ மூணு கடவுளா ஐயா?"

"ஒரே கடவுள்தான்."

அவள் தையல் மெஷினில் இருந்த கணவரைக் காட்டினாள். "ஓ, நான் ஒருத்தியே இவருக்குப் பெண்டாட்டி, பிள்ளைக்கு அம்மா, மாமியாருக்கு மருமகள். அது மாதிரியா?"

"இல்லம்மா. அது ஒரே ஆளுக்கு மூணு உறவு. இங்க பிதா குமாரனை அனுப்புறார், குமாரன் பிதாகிட்ட பேசுறார். பிதா வேற, குமாரன் வேற, ஆவி வேற. ஒவ்வொருத்தரும் முழுக் கடவுள். ஆனா கடவுள் ஒருத்தர்தான்."

"நல்லவேளை, என் மாமியார் ஒருத்தரா மட்டும் இருக்காங்க," என்றார் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. பெரியவரான பிதாவிடம் நேரே பேச அஞ்சி, சின்னவரான குமாரன் காதில் போட்டுவைத்தே இத்தனை வருஷம் ஜெபித்திருக்கிறாள். அந்தச் சின்னவரே முழுக் கடவுளா?

சின்ன வளையங்கள் இரண்டையும் பிரித்தாள். ஊசித் துளைகளை நகத்தால் நீவி மறைத்தாள். பெரியதன் அளவிலேயே இரண்டையும் அதோடு பிணைத்துத் தைத்தாள்.

சனிக்கிழமை மாலை விரிப்பை மடித்துப் போதகரிடம் நீட்டினாள்.

"எனக்கு இன்னும் பிடிபடல ஐயா. ஆனா யாரையும் குறைச்சுத் தைக்கல."