புள்ளி போட்ட பூமா

பூமா என்ற காட்டுப்பூனைக்குப் புள்ளி கிடையாது. பத்து வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

மாமாவின் நீல வெள்ளைச் சட்டையில் இருந்த மிருகத்துக்கோ உடம்பெல்லாம் புள்ளி. ‘பூமாஸ்’ என்று உலகம் அழைக்கும் அர்ஜென்டினா ரக்பி அணியின் சட்டை அது. உணவகத்தில் மாமாவோடு கோழி வெட்டிய அர்ஜென்டினாக்காரர் கொடுத்தது. சட்டையோடு பைத்தியமும் தொற்றிவிட்டது.

அந்த ஞாயிறு காலை, கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினான்காம் மாடி வீட்டில் அம்மா இடியப்பம் அவிக்க, மாமா தொலைக்காட்சி முன்னால் இருந்தார். உலகக் கிண்ணக் கால் இறுதி. தேசிய கீதம் பாடும்போது மாடு மாதிரி இருந்த ஆட்கள் விம்மி அழுதார்கள். மாமாவும் அழுதார். பிறகு அதே ஆட்கள் அயர்லாந்தைப் புரட்டி எடுத்தார்கள். சம்பளமில்லாமல் விளையாடி வளர்ந்த அணி, பெரிய நாடுகள் நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்திவைத்த அணி என்று மாமா சொல்லிச் சொல்லிப் பூரித்தார். எனக்கும் புல்லரித்தது. ஆனாலும் புள்ளி உறுத்தியது.

“மாமா, உது பூமா இல்லை. ஜாகுவார்.”

“ஓம் பிள்ளை. முந்தித் தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போன நேரம் பேப்பர்காரன் ஒருத்தன் பிழையா எழுதிப்போட்டான். அதுவே நிண்டிட்டுது.”

“ஏன் திருத்தேல்லை?”

“ஏன் திருத்த? அந்தப் பேரோடதானே வெண்டவங்கள்.”

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிழை இருந்தது. விமான நிலையத்தில் மாமாவைப் பதிந்த அதிகாரி, பாஸ்போட்டில் முதலில் எழுதியிருந்த தகப்பன் பெயரை அவருடைய பெயராக்கி, சொந்தப் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டார். அம்மப்பாவின் பெயரான கந்தையா, உணவகத்தில் தேய்ந்து ‘கேண்டி’ ஆயிற்று. தொலைபேசியில் யாராவது கேண்டியைக் கேட்டால் எனக்கு மானம் போகும். மிட்டாய் என்று பெயருள்ள மாமா வேறு யாருக்கு உண்டு?

மாமாவின் குடியுரிமை விண்ணப்பத்தை மறுநாள் அனுப்ப வேண்டும். வீட்டில் படிவம் நிரப்புவது நான்தான். பெயரைத் திருத்தித் தரும்படி ஒரு கடிதமும் எழுதி நீட்டினேன். ஒரு கையெழுத்துப் போதும், கேண்டி ஒழிந்தது.

மாமா இரண்டு தரம் வாசித்தார்.

“வடிவா எழுதியிருக்கிறாய். ஆனா வேண்டாம்.”

“ஏன் மாமா?”

“இருக்கட்டும் பிள்ளை.”

மடித்துத் திருப்பித் தந்தார். ஒரு கிழமை அவரோடு நான் பேசவில்லை. சரியான பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டியிருந்தேன்.

அம்மப்பா இறந்தபோது, மாமா கனடாவுக்கு வரும் வழியில் ஏதோவொரு நாட்டில் அடைபட்டிருந்தார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன். செய்தி கிடைத்ததே ஒரு மாதம் கழித்துத்தான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அந்த உணவகச் சமையலறையில் நாளுக்கு நூறு தரம் யாரோ அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும், நூறு தரமும் மாமா “இந்தா வாறன்” என்று ஓடினார் என்பதும்தான் விளங்கவில்லை.