பச்சை அடித்த மைனா

மேஸ்திரி மாமாவின் சாவுக்குப் போயிருந்தேன். அவர் வீட்டு வாசல் கதவுக்கு அடித்த பச்சை பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும், தங்கச் சுரங்கம் வந்த புதிதில் நாங்கள் இருந்த தகரக் குடிசைக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்கு அப்போது சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. இருமல் கண்டதால் மேலே தச்சுப் பட்டறைக்கு மாற ஆசைப்பட்டார். ஒரு மைனா செதுக்கிக் காட்டட்டும், பார்க்கலாம் என்று சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை சொல்லி அனுப்பினார். அப்பா தேக்குத் துண்டில் செதுக்கி, உடம்புக்குப் பழுப்பும் அலகுக்கும் கண்ணோரத்துக்கும் மஞ்சளும் தீட்டினார். அம்மா அதன் முன்னால் விளையாட்டாக நாலு அரிசி போட்டாள்.

ஆனால் பங்களாவுக்கு எது போனாலும் மேஸ்திரி கை வழியாகத்தான் போக வேண்டும். மேஸ்திரி அம்மாவின் அண்ணன்.

"இன்னா மச்சான், அழுக்குக் கலரா கீது? தொரை வூட்டுக்குப் போற சாமான் பளிச்சுனு இருக்க வேணாவா?"

வாங்கிப்போய்ப் பச்சையும் சிவப்பும் பூசிக் கொடுத்துவிட்டார். ஒரு பறவையையும் அண்ணாந்து பார்த்தறியாத மனிதர். அவர் பார்த்ததெல்லாம் துரையின் பூட்ஸைத்தான்.

மைனாவுக்கும் கிளிக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பட்டறை எதற்கு என்று துரை சிரித்தாராம்.

"உன் செதுக்குதான் சரியில்ல மச்சான். நான் பெயிண்ட் அடிச்சதாலதான் தொரை திட்டாம வுட்டாரு" என்றார் மாமா. அப்பா மறுநாளும் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் இறங்கினார். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

"மாமாவப் பத்தி நாலு வார்த்த பேசுங்க" என்றார்கள் சாவு வீட்டில். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அந்த வகையில் மாமா கொடுத்துவைத்தவர்.