பெயர் தர மறுத்த அம்மா

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்த புடவைக்கடையில் விற்பனைப் பெண்களை நாள் முழுக்க உட்கார விடுவதில்லை என்று, கடை ஊழியர்களுக்கான இணையத் தளமொன்றில் யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள். எழுதியவரின் பெயரை வாங்கிவர முதலாளி என்னை அனுப்பினார்.

தளத்தை நடத்தியவர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மா. பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார்.

“பேர் தர ஏலாது, தம்பி. என்னை நம்பித் தந்த விவரம். கோர்ட் கட்டளை வந்தா அங்க வந்து கதைக்கிறன்.”

“முதலாளி வழக்குப் போடுவார், அன்ரி.”

“போடட்டும். அவரின்ர வீட்டு விலாசத்தையும் ஒராள் அதில போட்டது. நான்தான் உடனே அழிச்சனான். அவருக்கு ஒரு நியாயம், எழுதின ஆளுக்கு வேற நியாயம் எண்டு என்னட்ட இல்லை.”

அப்போது எங்கள் கடைப் பெண் ஒருத்தி தேநீர்க் கோப்பையுடன் உள்ளறையிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும், “அங்க வேற ஆர் இருந்தது?” என்று முதலாளி கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை” என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அப்படிச் சொல்லும்படி அந்த அம்மா என்னிடம் கேட்கவேயில்லை.