கொண்டல் என்று ஒரு பேர்

படகுக்குப் பேர் எழுதுகிற தொழிலில் பெயிண்ட் அடிக்கிறது கால்வாசி, என்ன பேர் வைக்கலாம் என்று கேட்கிறவனோடு மாரடிக்கிறது முக்கால்வாசி.

கடை போர்டு எழுதுகிறவர்கள், லாரிக்குப் பின்னால் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். ஆனாலும் உங்கள் பாடு தேவலை. உங்களிடம் வருகிறவன் பேரோடு வருகிறான். என்னிடம் வருகிறவன் படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல பேரா ஒண்ணு சொல்லு" என்று எதிரில் உட்கார்ந்துகொள்கிறான். பழவேற்காட்டு ஏரியிலும் வெளியே கடலிலும் ஓடுகிற படகுகளில் பாதிக்கு நான்தான் எழுதினேன். எல்லாம் பெண் பேர்தான். அம்மன், மகள், நடிகை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு இம்சை உண்டு. எழுத்து காய்ந்ததும், படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னால், எழுதினவன் அதன் முகப்பில் கை வைத்து அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அவன் கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் கூப்பிடலாம். படகு என்ன, திரும்பியா பார்க்கப் போகிறது? ஆனால் கூப்பிடாத படகில் எவனும் கால் வைக்கமாட்டான். அதற்கப்புறம் தண்ணீரில் ஒருத்தனை ஒருத்தன் தேடுவதும், கரையில் பெண்கள் கத்திக் கூப்பிடுவதும் படகின் பேரைச் சொல்லித்தான்.

ஊருக்கெல்லாம் பேர் சொன்னவனால் ஒரே ஒரு பேரை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை. கொண்டல். என் வீட்டுக்காரியின் பேர். அவள் போய்ச்சேர்ந்த பிறகு அந்தப் பேரை யார் வாயிலும் கேட்கவில்லை. ஒரு படகில் ஏற்றிவிட்டால் தினம் நாலு பேர் கூப்பிடுவார்கள், நானும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். இதற்குப் பட்ட பாடுதான் கீழே.

மாமனார் சொன்னது

பெண் பார்க்கப் போன இடத்தில் பேர் கொண்டல் என்றார்கள். வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிறதா என்று கேட்டேன். பேரே அதுதான் என்றார் மாமனார். கடலுக்குப் போகிற ஆள். அப்போது எஞ்சின் ஏது, கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலம். ஒரு நாள் காற்று செத்துப்போய்க் கடலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கரை கண்ணுக்குத் தெரிகிறது, கிட்டே வர முடியவில்லை. துடுப்புப் போட்டால் நீரோட்டம் வடக்கே இழுக்கிறது. விடியற்காலையில் புறப்படும்போதே மாமியாருக்கு வலி கண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும்பியிருக்கிறது. எங்களுக்குக் கடல் கிழக்கே, வீடு மேற்கே. கொண்டல் பிடித்தால் பாய் நேராக வீட்டுக்குத்தான் வரும். கரையேறி ஓடினார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. காற்றின் பேரைப் பிள்ளைக்கு வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். குழந்தை பிறந்த ராசியில் காற்று வந்ததோ என்று மாப்பிள்ளை முறுக்கில் கேட்டுவைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது பொறந்ததால கொண்டல் வரல மாப்ளே. கொண்டல் வந்ததால நான் அதும் மூஞ்சியப் பாத்தேன்."

தோணிரேவு அண்ணன் தம்பி

தோணிரேவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு பெண் குழந்தை. யார் மகள் பேரை எழுதுவது? இரண்டு மனைவிகளும் படகுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்றுகொண்டார்கள். "ரெண்டு பேரையும் சேத்து எழுதிடேன்" என்றாள் பெரியவள். "எது முன்னாடி வரும்?" என்றாள் சின்னவள். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. டப்பாவில் பெயிண்டும் காய்ந்தது.

யார் மகள் பேரும் வேண்டாம், கொண்டல் என்று எழுதுகிறேன் என்றேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒற்றுமையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணன்காரன் சொன்னான்: "காத்துப் பேர எழுதி வெச்சா காத்து வந்து ஏறி குந்திக்கும் பெருசு. அப்பறம் நாங்க எங்க குந்துறது?"

போன் சொன்ன பதில்

படகு வேலை இல்லாத நாளில் டிராக்டருக்கும் எழுதுவேன். ஆரம்பாக்கத்தில் நெல் போடுகிற ஒருவர் கூப்பிட்டார். புது டிராக்டர், புதுப் பேத்தி. பேத்தி பேரைத்தான் டிராக்டரில் எழுத வேண்டும். போனால், பேத்திக்கு இன்னும் பேரே வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். அவர் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "நீங்கதான் சொல்லுங்களேன் தாத்தா" என்றாள். மரியாதையான பெண்.

சொன்னேன். மாமனார் கதையையும் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் பேசுவது அபூர்வம். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். குழந்தையின் காதுக்குக் கிட்டே போய் ஒருதரம் மெல்லச் சொல்லியும் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தப் பேர் இன்னொருத்தர் வாயில் வந்து கேட்டேன். குழந்தை முழித்துப் பார்த்தது. எனக்கு பிரஷ்ஷை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோயிற்று. அதற்குள் அவள் போனை எடுத்து, பெண் குழந்தைப் பேர் போட்டிருக்கிற பக்கங்களில் எல்லாம் தேட ஆரம்பித்தாள். ஷாவில் முடிகிறது, காவில் முடிகிறது, எல்லாம் ஓடிற்று. கடைசியில் நிமிர்ந்தாள். "தாத்தா, கொண்டல்னு ஒருத்தருமே இல்லன்னு போன் சொல்லுது."

மலை

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு இறால்காரர் புதுப் படகுக்குப் பேர் கேட்டார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். என்னை நைனா என்பார். தெலுங்கு வீட்டில் அப்பாவைக் கூப்பிடுவது; கிழவன் எவனையும் கூப்பிடலாம். நான் சொன்னதும் அவருக்குப் பிடித்துவிட்டது. சாக்பீஸ் கோடு கூடப் போட்டுவிட்டேன். முதல் எழுத்தின் கொம்பு வரைக்கும் வந்தாயிற்று.

அப்போது அவர் மனைவி சோற்றுத் தூக்கோடு வந்தாள். கோட்டைப் பார்த்தாள். என்ன பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெலுங்கில் புருஷனிடம் நிறையப் பேசினாள். எனக்கும் பாதி புரிந்தது, கேட்கிற மாதிரி இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டால் கோட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொண்டன்னா எங்க பாசையில மலை. மலைய கட்டினு எவன் நைனா மீன் புடிப்பான்?"

பாஷா குடித்த டீ

எஞ்சின் மெக்கானிக் பாஷாவும் நானும் ஒரே கொட்டகை. அவன் பக்கம் கிரீஸ், என் பக்கம் பெயிண்ட். என் வீட்டுக்காரி இருந்தவரை தினமும் இரண்டு டம்ளர் டீ வரும். ஒன்று எனக்கு, ஒன்று பாஷாவுக்கு. ஊரில் அவளைப் பெயிண்டர் வூட்டம்மா என்பார்கள். பாஷா அக்கா என்பான். நான் "இந்தாமே" என்பேன். அவள் "இன்னா" என்பாள். பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமெல்லாம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. கூப்பிட வேண்டிய தூரத்துக்கு அவளும் போனதில்லை. பிள்ளை குட்டி இல்லாததால் இன்னாரின் அம்மா என்று கூப்பிடவும் வழியில்லாமல் போயிற்று.

அவள் போன பிறகு டீயைக் கடையில் வாங்குகிறோம். பாஷா வாங்கி வருவான், எனக்கு அதில் சர்க்கரை அதிகம். சொல்லி அலுத்துவிட்டது. இறால்காரர் ஊரிலிருந்து திரும்பின அன்றைக்கு, ஏன் இந்தக் காற்றுப் பேரையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறாய் என்று கேட்டான். அது யார் பேர் என்று சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு டம்ளரை எடுத்துப் பார்த்தான். "இத்தினி வருசம் அக்கா கையால டீ குடிச்சிக்கிறேன். பேரு இப்பதான் கேக்குறேன்."

மாரியம்மாவின் படகு

மாரியம்மா கடலோரக் குப்பத்துக்காரி. கூடையில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை, சேகர் என்று ஒரே மகன். சேகரின் படகில் ஒரு நடிகையின் பேரை நான்தான் எழுதினேன். போன பருவத்தில் அவன் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மற்ற படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. மாரியம்மா முகத்துவாரத்து மணலில் நின்று நடிகை பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் கிழக்குக் காற்று எழும்பிற்று. சேகர் ஐஸ் பெட்டி மேல் போர்த்திய தார்ப்பாயை அவிழ்த்து, கம்பில் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டே கரையில் வந்து இடித்தான்.

அந்த வாரமே மாரியம்மா என் கொட்டகைக்கு வந்துவிட்டாள். "அந்த நடிகைய சொரண்டிப் போடு நைனா. எம்புள்ளய கொண்டாந்து வுட்ட காத்து பேர எழுது. கொண்டல்னு எழுது" என்றாள். நான் உடனே சுரண்டுகிற தகட்டைக் கையில் எடுத்தேன். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று பயம். சேகரின் கூட்டாளிகள்தான், காற்றுப் பேர் வைத்தால் காற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று பழைய பாட்டைப் பாடினார்கள். மாரியம்மா கூடையை இறக்கி வைத்தாள். "குந்தட்டும். குந்தினு எம்புள்ளய வூட்டுக்கு ஓட்டினு வரட்டும். உங்கள மாரி வுட்டுட்டு வராது."

நீலத்தில் மஞ்சள் எழுத்து. இரண்டு பக்கமும் எழுதினேன். மற்றவர்களுக்கு ஒரு பூச்சு, இதற்கு மூன்று பூச்சு. யாரும் கேட்கவில்லை. காய்ந்த அன்றைக்குக் காலையில் குப்பமே கூடியிருந்தது. தேங்காய், எலுமிச்சை, கற்பூரம். பாஷாவும் எஞ்சின் பார்க்கிற சாக்கில் வந்திருந்தான். "கூப்பிடு பெருசு" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாராவது கூப்பிட மாட்டார்களா, கேட்க மாட்டோமா என்று இத்தனை நாள் ஊர் ஊராக இந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே, எழுதினவன்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்பது புத்தியில் வரவேயில்லை. ஊர்ப் பெண்கள் பேரையெல்லாம் கூச்சமில்லாமல் கூப்பிட்ட வாய்தான். முகப்பில் கை வைத்தேன். பெயிண்ட் வாசனை அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். வந்தது "இந்தாமே."

கூட்டம் சிரித்தது. பாஷா மட்டும் சிரிக்காமல் எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டான். மாரியம்மாவுக்கு என்ன தெரியும், கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "பேரச் சொல்லு நைனா. உம்பொஞ்சாதியயா கூப்புடுற?"

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்; இப்போது தினம் படகு திரும்புகிற நேரத்துக்கு மாரியம்மா கரையில் நின்று தொண்டை கிழிய அந்தப் பேரைக் கூப்பிடுகிறாள், நானும் பிரஷ்ஷைக் கழுவுகிறதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், வருவது என்னவோ சேகர்தான்.